‘வெற்றி வாய்ப்பு’ யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது?

கடத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ‘பிரசிடெண்ட்’ என்று சொன்னால் டெல்லியில் இருப்பவர் யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார். ஊராட்சித் தலைவர்தான் பிரசிடெண்ட். தெருவிளக்கு எரியவில்லையா, நூறு நாள் வேலையில் பெயர் விட்டுப்போயிற்றா, ‘போய் பிரசிடெண்டைப் பாரு’ என்பதுதான் பேச்சு. அந்த நாற்காலியும் இப்போது காலி. 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் கையில் ஊராட்சிகள் கிடக்கின்றன. ஊர்ப் பிரசிடெண்டே இல்லாத இந்த நேரத்தில்தான் நம் தம்பிகள் நாட்டின் பிரசிடெண்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் வாசிப்புக் கூட்டம் முடிந்து பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். 2027 ஜூலையில் திரௌபதி முர்முவின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்து யார்? கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கைப்பேசியில் பெயர்களை அடுக்கினான். ஆளுங்கட்சி மறுபடியும் ஒரு தலித்தை நிறுத்துமா, தென்னிந்தியரை நிறுத்துமா, எதிர்க்கட்சிகள் இந்த முறையாவது முந்திக்கொண்டு ஒரு தலித் பெண்ணை அறிவிக்குமா என்று பேச்சு நீண்டது. இன்னொரு தம்பி, ‘அண்ணா, பேரெல்லாம் சரி, ஜெயிக்கிற ஆளா பார்த்துத்தான் நிறுத்துவாங்க’ என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்களுக்கு மட்டும் டீ கசந்தது.

‘ஜெயிக்கிற ஆள்’, ‘வெற்றி வாய்ப்பு’, வடக்கே ‘வின்னபிலிட்டி’. சேரியிலிருந்து ஒருவர் பொதுத்தொகுதி கேட்கும்போதெல்லாம், அமைச்சரவையில் நல்ல துறை கேட்கும்போதெல்லாம் கட்சி அலுவலகங்களில் எடுத்து வீசப்படும் சொல் இது. அந்தச் சொல்லை நம் பிள்ளைகளே நம் மீது வீசத் தொடங்கிவிட்டார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குடியரசுத் தலைவரை நீங்களும் நாங்களும் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் அது 208, சிக்கிமில் 7. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இன்றுவரை இப்படித்தான் எண்ணுகிறார்கள். எந்தக் கட்சியிடம் எத்தனை உறுப்பினர்கள் என்று கூட்டிப் பார்த்தால், வேட்புமனு தாக்கலுக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். கொறடா உத்தரவு இல்லாத ரகசிய வாக்கெடுப்பு என்பதால் அங்கங்கே சில ஓட்டுகள் இடம் மாறலாம். 1969-ல் இந்திரா காந்தி சொந்தக் கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வி.வி.கிரியைக் கொண்டுவந்தாரே, அந்த மாதிரி கட்சியே இரண்டாக உடைந்தால் தவிர கணக்கு பொய்ப்பதில்லை.

அப்படியென்றால் இந்தத் தேர்தலில் ‘ஜெயிக்கிற ஆள்’ என்று ஒருவர் இருக்கிறாரா? 1992-ல் மேகாலயாவின் காசி பழங்குடியைச் சேர்ந்த ஜி.ஜி.ஸ்வெல் நின்றார். சங்கர் தயாள் சர்மாவிடம் தோற்றார். 2012-ல் காரோ பழங்குடியைச் சேர்ந்த பி.ஏ.சங்மா நின்றார். மக்களவை சபாநாயகராக இருந்தவர், மேகாலயாவின் முதல்வராக இருந்தவர். பிரணாப் முகர்ஜிக்கு 7,13,763, சங்மாவுக்கு 3,15,987. பழங்குடி வேட்பாளர் எடுபடமாட்டார் என்று அன்று பேசிய அரசியல் விமர்சகர்கள் உண்டு. பத்தே ஆண்டுகளில், 2022-ல், சந்தால் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு 6,76,803 வாக்கு மதிப்போடு வென்றார். பத்து ஆண்டுகளில் பழங்குடிகளின் மதிப்பு கூடிவிட்டதா என்ன? சங்மாவை நிறுத்தியவர்களிடம் எண்ணிக்கை இல்லை, முர்முவை நிறுத்தியவர்களிடம் இருந்தது. அவ்வளவுதான். ‘வெற்றி வாய்ப்பு’ வேட்பாளரின் உடம்பில் ஒட்டியிருக்கும் குணமல்ல, அது கட்சியின் சட்டைப் பையில் இருக்கிறது. யாருக்காக எடுத்துச் செலவழிப்பது என்பதைக் கட்சிதான் முடிவு செய்கிறது.

2017 இன்னும் தெளிவான பாடம். ஜூன் 19 அன்று பாஜக ராம்நாத் கோவிந்தை அறிவித்தது. அவர் உத்தரப் பிரதேசத்தில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நின்று தோற்றவர். மாநிலங்களவை வழியாக நாடாளுமன்றம் போனவர், பிறகு பீகார் ஆளுநர். மூன்று நாள் கழித்து, ஜூன் 22 அன்று, எதிர்க்கட்சிகள் மீரா குமாரை அறிவித்தன. 1985 பிஜ்னோர் இடைத்தேர்தலில் ராம் விலாஸ் பாஸ்வானையும் மாயாவதியையும் எதிர்த்து நின்று வென்றவர், ஐந்து முறை மக்களவை உறுப்பினர், சபாநாயகர். மக்களிடம் போய் ஓட்டு வாங்குவதுதான் ‘வெற்றி வாய்ப்பு’ என்றால் இருவரில் யாருக்கு அது அதிகம்? ஆனால் கோவிந்துக்கு 7,02,044, மீரா குமாருக்கு 3,67,314. மக்கள் மன்றத்தில் தோற்றவர் 65 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார். இதைக் கோவிந்தைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. ‘ஜெயிக்கிற ஆளா பார்த்து நிறுத்துவாங்க’ என்ற அந்தத் தம்பிக்குச் சொல்கிறோம். ஜெயிக்க வைக்கிறவர்கள் யாரை நிறுத்தினாலும் அவர் ஜெயிக்கிற ஆள்தான், தம்பி.

அதே நேரம் எதிர்க்கட்சிகளையும் விட்டுவிட முடியாது. தோற்கப் போவது உறுதி என்று தெரிந்த தேர்தலில், எதிரி ஒரு தலித்தை அறிவித்த பிறகு, ‘எங்களிடமும் ஒருவர் இருக்கிறார்’ என்று மீரா குமாரைத் தேடிப் போனார்கள். 2022-ல் அந்த நினைப்புகூட வரவில்லை. சரத் பவார் மறுத்தார், பரூக் அப்துல்லா மறுத்தார், கோபாலகிருஷ்ண காந்தி மறுத்தார், கடைசியில் ஜூன் 21 அன்று யஷ்வந்த் சின்ஹா வந்தார். வாஜ்பாய் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர். அன்று இரவே பாஜக முர்முவை அறிவித்தது. தமிழ்நாட்டில் சமூகநீதி பேசும் கட்சிகள் எல்லாம், நம் விடுதலைச் சிறுத்தைகள் உட்பட, சின்ஹாவுக்கு ஆதரவு கேட்டு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அரசியல் ரீதியாக அந்த நிலைப்பாடு சரியாகவே இருக்கலாம். ஆனால் மேடையில் நின்று அதைச் சொல்லும்போது நம் தோழர்கள் பட்ட சங்கடத்தை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம்.

சரி, ஜெயித்து வந்தவர்கள் என்ன செய்தார்கள்? அல்லது, என்ன செய்ய விடப்பட்டார்கள்?

2017 பிப்ரவரியில் நீட் தேர்விலிருந்து விலக்கு கேட்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள் டெல்லிக்குப் போயின. ஜூலை 25 அன்று கோவிந்த் பதவியேற்றார். செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதாவை இழந்தோம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. அதே செப்டம்பரில் அந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. அதுவும் நமக்கு உடனே தெரியாது. 2019-ல் உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுப்பை எழுதியது உள்துறை அமைச்சகமாக இருக்கலாம். போன பெயர் ஒரு தலித் குடியரசுத் தலைவருடையது. ஒரு சேரிப் பெண்ணின் மருத்துவக் கனவு முடிந்த மாதத்தில், சேரியிலிருந்து வந்ததாகக் கொண்டாடப்பட்டவரின் பெயரால் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

இன்னொரு கோப்பு எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று பாருங்கள். முன்னேறிய சாதியினரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில், 9 அன்று மாநிலங்களவையில். 12 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். இடஒதுக்கீட்டின் அடிப்படையையே மாற்றும் திருத்தம் ஐந்து நாளில் சட்டமானது. ‘இதைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்று ஒரு வரிக்குறிப்பு எழுதி அனுப்பியிருந்தால், அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தே ஆகவேண்டும் என்ற 368-ஆவது பிரிவைக் காட்டுவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். பிரிவு வாயைக் கட்டவில்லையே. அதே 2022-ல் மறுபடியும் போன நீட் மசோதாவுக்கும் ஒப்புதல் இல்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்போது நாற்காலியில் இருந்தவர் முர்மு.

‘குடியரசுத் தலைவருக்கு அதிகாரமே கிடையாது அண்ணா, ரப்பர் ஸ்டாம்பு’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மை. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்கிறது 74-ஆவது பிரிவு. ஆனால் ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தக் கதவைத் திறந்து காட்டியவர் கே.ஆர்.நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அமைச்சரவையின் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். 1998-ல் பீகார் ஆட்சியைக் கலைக்கச் சொன்ன வாஜ்பாய் அமைச்சரவையின் பரிந்துரையையும் திருப்பினார். உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்பில், பட்டியல் சாதி, பழங்குடிகளிலிருந்து தகுதியானவர்களைப் பரிசீலியுங்கள் என்று எழுதினார். அவர் 1997-ல் வாங்கியது 9,56,290. எதிர்த்து நின்ற டி.என்.சேஷனுக்கு 50,631. இன்றுவரை பட்டியல் சாதியிலிருந்து வந்த எந்த வேட்பாளருக்கும் அத்தனை வாக்கு கிடைத்ததில்லை. ஆனால் 2002-ல் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்ததா? இல்லை. பரிந்துரையைத் திருப்பி அனுப்புகிற தலித்துக்கு ‘வெற்றி வாய்ப்பு’ ஐந்து வருடத்தில் தீர்ந்துபோனது.

நாராயணனால் ஏன் முடிந்தது? அவர் நேர்மையானவர் என்பது ஒரு காரணம். டெல்லியில் அப்போது இருந்தவை ஆடிக்கொண்டிருந்த கூட்டணி ஆட்சிகள் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை மட்டும் பேசினால் நாம் மறுபடியும் ‘நல்ல ஆள்’ தேட ஆரம்பித்துவிடுவோம்.

முர்முவையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் அவர் ஜார்க்கண்ட் ஆளுநர். பழங்குடி நிலங்களைக் காக்கும் சோட்டாநாக்பூர், சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்களைத் தளர்த்த அங்கிருந்த பாஜக அரசு மசோதா கொண்டுவந்தது. ஆளுநர் முர்மு அதைத் திருப்பி அனுப்பினார். தன்னை நியமித்த கட்சியின் அரசுக்கே எதிராக! ஆறு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், காடுகளின் பாதுகாப்பைக் குறைக்கும் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறிய இரண்டாவது நாளே குடியரசுத் தலைவர் முர்முவின் ஒப்புதல் கிடைத்தது. ஆள் அவரேதான். வித்தியாசம் வாசலுக்கு வெளியே இருந்தது. 2017-ல் ராஞ்சியில் பழங்குடி மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள், ஆளும் கட்சியின் பழங்குடித் தலைவர்களே முணுமுணுத்தார்கள். 2023-ல் டெல்லி வாசலில் அப்படி யாரும் நிற்கவில்லை. நாமும் நிற்கவில்லை. வாச்சாத்தி இருக்கிற மாவட்டத்துக்காரர்களான நாம்கூட.

வாச்சாத்தி என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரூர் பக்கத்தில் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தது 1992 ஜூன் 20. சந்தன மரக் கடத்தல் என்று சொல்லி ஊரையே சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஸ்வெல் என்ற பழங்குடி வேட்பாளர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றது அடுத்த மாதம். டெல்லியில் பழங்குடியின் பெருமை பேசப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் வாச்சாத்திக்காரர்கள் சேலம் சிறையில் இருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது அன்றைய அதிமுக அரசு. இருபது வருடம் கழித்து, 2012-ல், பழங்குடி ஒருவர் குடியரசுத் தலைவர் ஆகவேண்டும் என்று சங்மாவை முன்மொழிந்ததும் அதே கட்சிதான். நடுவே, 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். சங்மாவுக்காகச் சென்னையிலிருந்து அறிக்கை வந்தபோது வாச்சாத்தியைப் பற்றி ஒரு வருத்தம்கூட வரவில்லை.

2012-லேயே நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு தலித் இளைஞரும் வன்னியர் பெண்ணும் திருமணம் செய்துகொண்டதற்கு. எங்களில் சிலர் அடுத்த நாள் அங்கே போனபோது பீரோக்கள் கருகி நின்றன, பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. ‘நாடகக் காதல்’ என்ற சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோன கட்சியும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கூட்டம் போட்ட கட்சியும் ஒன்றுதான். 2022-ல் அந்தக் கட்சி, பாமக, முர்முவுக்கு ஆதரவு அறிவித்தது. அதிமுகவும் அறிவித்தது. தருமபுரி மாவட்டத்தின் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் அப்போது இந்த இரண்டு கட்சிகள்தான். வாக்கெடுப்பு ரகசியம் என்றாலும், கட்சி அறிவிப்பின்படி எண்ணினால் ஐந்து முறை 176, ஆக 880 வாக்கு மதிப்பு இந்த மாவட்டத்திலிருந்து ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு. நத்தம் காலனிக்கு அதில் என்ன கிடைத்தது?

இந்த இடத்தில் கூட்டத்தில் ஒரு தங்கை குறுக்கிட்டாள். அவளுடைய அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். ‘அப்போ அந்தப் படத்துக்கு மதிப்பே இல்லையா அண்ணா? தாலுகா ஆபீஸ்ல முர்மு படத்தைப் பார்த்துட்டு எங்கம்மா, நம்மள மாதிரி கருப்பா ஒரு பொம்பள மேல இருக்குதுன்னு சொன்னாங்க’ என்றாள். இதற்கு நம்மிடம் உடனே பதில் இல்லை. இப்போதும் அதை மறுக்கப் போவதில்லை. மயூர்பஞ்சின் ஒரு கிராமத்தில் பிறந்து, 1997-ல் ராய்ரங்பூரில் கவுன்சிலராகத் தொடங்கி அங்கே போய் நின்ற பெண்ணின் படம் ஒரு தாயை நிமிர்ந்து நிற்க வைக்கிறது என்றால், அந்த நிமிர்வு நமக்கு வேண்டும். ஆனால் அந்தப் படத்தை மாட்டியவர்கள் 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்தபோது அந்தப் பெண்ணை அழைத்துத் திறக்க வைக்கவில்லை. படம் சுவரில் இருந்தது, ஆள் வெளியே இருந்தார்.

நிமிர்வு தருகிற நாற்காலிகளை நமக்குக் கொடுப்பதில் இவர்கள் கஞ்சத்தனம் செய்வதில்லை. சென்னை மேயராக 1937-லேயே சிவசண்முகம் பிள்ளை வந்துவிட்டார், பிறகு பேரவைத் தலைவரும் ஆனார். மக்களவைக்கு பாலயோகி, மீரா குமார். இங்கே ப.தனபால். எல்லாம் உயரமான நாற்காலிகள், நிதி ஒதுக்கும் பேனா இல்லாத நாற்காலிகள். அமைச்சரவை என்று வந்தால் ஆதிதிராவிடர் நலத்துறை. 2024 செப்டம்பரில் கோவி.செழியனுக்கு உயர்கல்வித் துறை கொடுத்ததே பெரிய செய்தியாகிவிட்டது என்றால், அது செய்தியாக வேண்டியிருந்ததே ஒரு வெட்கம்.

அதிகாரம் உள்ள நாற்காலிக்கு அருகே ஒரு தலித் போனபோது என்ன நடந்தது என்பதற்கு ஜெகஜீவன் ராம் சாட்சி. 1977-ல் ஜனதா வென்றபோது பிரதமர் பதவிக்கு அவர் பெயர் இருந்தது, மொரார்ஜிக்குப் போனது. 1979-ல் மொரார்ஜி விழுந்தார், சரண் சிங் நாடாளுமன்றத்தையே சந்திக்காமல் விலகினார். ஜனதாவின் தலைவராக ஜெகஜீவன் ராம் உரிமை கோரினார். எண்ணிக்கையை அவையில் காட்ட அவருக்கு ஒரு வாய்ப்பு தந்திருக்கலாம். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி தரவில்லை. ஆகஸ்ட் 22 அன்று மக்களவையைக் கலைத்தார். ரப்பர் ஸ்டாம்பு என்கிறார்களே, அந்த ஸ்டாம்பு ஒரு தலித் பிரதமராகும் வாசலில் எவ்வளவு கனமாக விழுந்தது பாருங்கள். அடுத்த வருடம் அதே ஜனதா அவரைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்துத் தேர்தலுக்குப் போனது. கட்சி உடைந்து, பெயர் கெட்டு, தோல்வி தெரிந்த பிறகு. தோற்கும்போது மட்டும் நம் ஆள் முன்னால் நிற்க வேண்டும்.

இதன் வேர் 1932 செப்டம்பர் 24-இல் இருக்கிறது. தனி வாக்காளர் தொகுதி கேட்டவர்கள் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். பூனா ஒப்பந்தத்தில் கிடைத்தது 148 தனித்தொகுதிகளும், எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடும் கூட்டுத் தொகுதி முறையும். அதாவது நம் பிரதிநிதியை நாம் மட்டும் முடிவு செய்ய முடியாது. ஊர்த் தெருவுக்குப் பிடித்தவர்தான் சேரியின் பிரதிநிதி. அந்தக் கணம் முதல் ‘வெற்றி வாய்ப்பு’ என்பதன் பொருள் ஒன்றுதான்: ஊர்த் தெருவின் தூக்கத்தைக் கெடுக்காதவர். கன்ஷிராம் பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டில், 1982-ல், ‘சம்ச்சா யுகம்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். சம்ச்சா என்றால் கைத்தடி. அந்த அளவுகோலில் மிக மோசமாகத் தோற்றவர் யார் தெரியுமா? 1952-ல் வடக்கு பம்பாயிலும், 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்ற டாக்டர் அம்பேத்கர். அரசியல் சட்டத்தை எழுதிய கை, சட்ட அமைச்சராக இருந்தவர். இன்றைக்கு ஒரு கட்சியின் தேர்வுக் குழு முன் அவர் போய் உட்கார்ந்தால், ‘ஐயா, உங்களுக்கு வின்னபிலிட்டி இல்லையே’ என்றுதான் அனுப்புவார்கள்.

வாஜ்பாய் குடியரசுத் தலைவர் பதவியை நீட்டியபோது கன்ஷிராம் பிரதமர் பதவியைக் கேட்டார் என்று ஒரு கதை நம் தோழர்களிடையே நெடுநாளாக உலவுகிறது. கதையோ நிஜமோ, அவர் கட்டிய கட்சி 2007-ல் உத்தரப் பிரதேசத்தில் 206 இடங்களை வென்று மாயாவதியைத் தனிப் பெரும்பான்மையோடு முதல்வராக்கியது நிஜம். பஞ்சாபில் 2021-ல் சன்னியை முதல்வராக்கியது காங்கிரஸ், தேர்தலுக்கு நான்கைந்து மாதம் இருக்கும்போது. இரண்டும் ‘தலித் முதல்வர்’தான். ஒன்று சொந்தப் பையிலிருந்து எடுத்தது, இன்னொன்று அடுத்தவர் பையிலிருந்து கடனாக வந்தது.

தமிழ்நாட்டிலும் சொந்தப் பை காலியாக இல்லை. பொதுத்தொகுதியில் தலித் ஜெயிக்கமாட்டார் என்கிறார்களே, 2001-ல் திருச்சி மக்களவை இடைத்தேர்தலில், பொதுத்தொகுதியில், தலித் எழில்மலை ஜெயித்தார். பெயரிலேயே தலித். அதிமுக தன் இயந்திரத்தை அவருக்காக ஓட்டியது, அவர் வென்றார். அதற்குப் பிறகு அப்படி எத்தனை பேருக்கு ஓட்டினார்கள்? 2021-ல் விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் வென்ற நான்கில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதிகள். நம் மாவட்டத்தில் அரூர் மட்டும் தனித்தொகுதி. கடத்தூர் இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டி பொது. அந்தப் பொதுவில் நாம் எப்போதாவது பொதுவாக இருந்திருக்கிறோமா? எந்தப் பெரிய கட்சியாவது இங்கே ஒரு தலித்தின் பெயரை நேர்காணல் அறையில் ஒரு நிமிடமாவது பேசியிருக்குமா?

இன்னொரு வேடிக்கை. 2025 செப்டம்பரில் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. ‘சி.பி.ராதாகிருஷ்ணன் தமிழர், தமிழ்நாட்டுக் கட்சிகள் ஆதரிக்க வேண்டாமா’ என்று பாஜக கேட்டது. தமிழர் என்பது மட்டும் போதாது, அவர் எந்தக் கொள்கைக்காக நிற்கிறார் என்று பார்ப்போம் என்று திமுக கூட்டணி சுதர்சன் ரெட்டிக்கு ஓட்டுப் போட்டது. சரியான நிலைப்பாடு. ஆனால் தமிழர் என்றால் கொள்கை பார்க்கத் தெரிந்தவர்கள், தலித் என்றால் மட்டும் சாதிச் சான்றிதழோடு நிறுத்திவிடுகிறார்களே, அது ஏன்? நமக்கும் கொள்கை கேட்கிற தகுதி இருக்கிறது என்பது இவர்களுக்கு உறைக்கவில்லையா, அல்லது உறைத்ததால்தான் பேசவில்லையா?

ஆகவே 2027-க்கு யார் என்று பெயர் தேடுவதை நிறுத்துங்கள், தோழர்களே. அந்தத் தேர்தலில் வேட்புமனு போடவே 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும். 2022 கணக்கில் சிறுத்தைகளுக்கு இருந்தது இரண்டு மக்களவை உறுப்பினர்களும் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களும். வாக்கு மதிப்பில் சொன்னால் 10,86,431-ல் 2,104. அந்தக் கையிருப்போடு நாம் பெயரைச் சொல்ல முடியாது, விலையைச் சொல்லலாம். இந்த நூற்று எழுபத்தாறை யாருக்குப் போடுவது என்பதற்கு நாம் வைக்கும் விலை.

அந்த 176-கள் எங்கிருந்து வரும்? 2027-ல் டெல்லிக்கு ஓட்டுப் போடப் போகும் 234 பேரை 2026-ல் நாம்தான் சட்டமன்றத்துக்கு அனுப்பப் போகிறோம். பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், குடியரசுத் தலைவர் தேர்தலில் உங்கள் ஓட்டு யாருக்கு என்று கேட்பதில் பயனில்லை. கட்சி சொன்னவருக்கு என்பார். நீங்கள் ஓட்டுப் போடும் ஆள் நீட் கோப்பு வந்தால் என்ன எழுதுவார், வனச் சட்டக் கோப்பு வந்தால் திருப்பி அனுப்புவாரா, சாதி ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் தமிழ்நாடு இயற்றி அனுப்பினால் எத்தனை மாதம் வைத்திருப்பார் என்று உங்கள் கட்சி கேட்டதா, கேட்குமா என்று கேளுங்கள். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி ரயில் தண்டவாளத்தில் இளவரசனை இழந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதைக் கேட்கக் கூச்சம் தேவையில்லை.

ஊர்ப் பிரசிடெண்டுக்கும் இதே கேள்விதான். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஐவரையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தனி ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்த குற்றத்துக்காக. இருபத்தைந்து நாள் கழித்து நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 2020-ல் தெற்குத் திட்டையில் ஆதிதிராவிடப் பெண் தலைவர் ஊராட்சி அலுவலகத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டபோது டெல்லியில் கோவிந்த் இருந்தார். ஊராட்சித் தேர்தல் வரும்போது எந்த ஊராட்சி தனி, எது பொது என்ற பட்டியல் வரும். அப்போது பொது ஊராட்சியில் ஒரு தங்கையை நிறுத்தலாமா என்று பேசிக்கொண்டோம். பெயர் சொன்னவுடனே டீக்கடையில் ஒருவர் திரும்பிப் பார்த்து, ‘அதெல்லாம் ஜெயிக்காதுப்பா’ என்றார்.

அந்தத் தங்கை கிளாஸை வைத்துவிட்டு, ‘எத்தனை வீடுண்ணா இருக்கு நம்ம ஊராட்சியில?’ என்று கேட்டாள். யாருக்கும் சரியான எண்ணிக்கை தெரியவில்லை. வரும் சனிக்கிழமை வாக்காளர் பட்டியலை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.